பதினெட்டு கஜம்

அந்தப் பதிப்பகத்தில் பச்சை மை ஒருவருக்குத்தான் உண்டு. பதிப்பாளர் கறுப்பில் கையெழுத்துப் போடுவார். மொழிபெயர்ப்பவர்கள் நீலத்தில் எழுதுவார்கள். மற்றவர்களுக்குப் பென்சில். பச்சையில் ஒரு கோடு விழுந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை, அப்படியே அச்சுக்குப் போய்விடும். அந்தக் கோட்டைப் போடுகிறவர் மெய்ப்புக்காரர். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசித் தாளையும் கடைசியாகப் பார்ப்பது அவர் கண்தான். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் அப்பா இருந்தார். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் பதினோரு வருடம் இருந்து, கண்ணில் புரை விழுந்ததும் எழுந்துகொண்டார். பிறகு இவர் உட்கார்ந்தார். மூவரும் பார்த்த புத்தகங்களை அடுக்கினால் ஒரு சுவர் எழும்பும். அந்தச் சுவரில் ஒரு புத்தகத்துக்குள்ளும் பிழைதிருத்தச் சீட்டு கிடையாது.

சீட்டு என்பது நான்கு விரல் அகலத் தாள். இன்ன பக்கத்தில் இப்படி அச்சாகிவிட்டது, இப்படி மாற்றி வாசிக்கவும் என்று அதில் இருக்கும். புத்தகத்துக்குள் அதைச் செருகி விற்பனைக்கு அனுப்புவார்கள். ஊரில் நூறு பதிப்பகம் அப்படிச் செய்கிறது, யாருக்கும் தலை போய்விடவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் யாருக்காவது சம்பந்தம் பேச வந்தால்கூட, காபி ஆறுவதற்குள் அண்ணன் சொல்லிவிடுவார்: "எங்க கையில சீட்டு போனதில்ல."

இந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு வேலைமுறை இருந்தது. கறுப்பு அட்டை ஒன்றில், ஒரு வரி மட்டும் தெரியும்படி சன்னல் வெட்டி வைத்திருந்தார்கள். அதைத் தாளின்மேல் வைத்து வரிவரியாக இறக்கிக்கொண்டு போவார்கள். கண் அடுத்த வரிக்கு ஓடாது, கதையில் மயங்காது. படித்தால் பிழை தெரியாது, பார்த்தால்தான் தெரியும் என்பது அப்பா வைத்த சட்டம். இவர் நாற்பது வருடத்தில் எட்டு அட்டை மாற்றிவிட்டார். சட்டம் மாறவில்லை.

அப்படிப்பட்டவர் மேஜையில்தான் ஒருநாள் பதிப்பாளர் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து வைத்தார். தாள் முழுவதும் படம்.

"ஐயா, இது மங்கா, ஜப்பான் படக்கதை. விளையாட்டுக் கதை. மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைங்க அமெரிக்கன் ஃபுட்பால் ஆடறாங்க. வெளிய பிச்சுக்கிட்டுப் போகுது."

"கால்பந்தா?"

"கால்பந்துன்னா கால்பந்து இல்ல. கையில வெச்சுக்கிட்டு ஓடறது."

"கையில வெச்சுக்கிட்டு ஓடறதுக்கு எதுக்குக் கால்பந்துன்னு பேரு? தலைப்புலயே பிழையோட குடுக்கறீங்களே?"

பதிப்பாளர் சிரித்தார். மெய்ப்புக்காரர் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே கேட்டிருந்தார்.

அந்த மங்காவின் குமிழ்களுக்குள் மொழிபெயர்த்த வசனத்தை அளந்து பொருத்துகிற வேலை அவருடைய மருமகளுடையது. ஒரே மகன் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்க்கிறான், வருடத்துக்கு இரண்டு முறை வருவான். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று அவள் கேட்டாள். இவர்தான் பதிப்பகத்தில் சேர்த்துவிட்டார். அலுவலகத்தில் அவளுக்குப் பேர் பலூன். ஹாலின் கிழக்கு ஓரத்தில் அவள் மேஜை, மேற்கு ஓரத்தில் இவர் மேஜை. வீட்டில் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் அலுவலகத்தில் குறிப்புத்தாள் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். அது இவர் வைத்த ஒழுங்கு.

முதல் பாகத்தின் முதல் ஆறு பக்கத்துக்கு இவர் எழுதிய குறிப்பு: "பதில் முன்னால் வருகிறது, கேள்வி பின்னால் வருகிறது. மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லையா?"

மருமகள் குறிப்பை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள். "மாமா, இதை வலமிருந்து இடமாப் படிக்கணும்."

"யார் சொன்னது?"

"புத்தக அட்டையிலயே போட்டிருக்கு."

"அட்டை எனக்கு வரலியே."

அது உண்மை. அட்டை அவருக்கு அனுப்பப்படவில்லை. அவர் மறுபடி முதல் தாளிலிருந்து தொடங்கினார், இந்த முறை சன்னலை வலப்பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டு.

கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பள்ளி. ஆட்டத்துக்குப் பதினொரு பேர் வேண்டும். பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். ஒருத்தன் குள்ளம், ஆனால் பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பான். ஒருத்தன் வாய்ச்சவடால். பதினோராவது ஆளாக ஒரு பருமனான பையனைப் பிடித்து வருகிறார்கள். எழுபத்தாறு என்று எண் போட்ட சட்டை அவனுக்குப் பற்றவில்லை. கூட்டாளிகள் வைத்த பேர் அலமாரி. அவன் பந்தைத் தொடவே கூடாது. எதிரே நிற்கிற ஆளைத் தன்னைத் தாண்ட விடாமல் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். பந்தோடு ஓடுகிறவனை ஊரே பார்க்கும். அலமாரியை யாரும் பார்க்க மாட்டார்கள், அவன் தவறினால் ஒழிய.

மெய்ப்புக்காரர் அந்த வரியில் சன்னலைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார். பிழை ஒன்றும் இல்லை. நகர்ந்தார்.

ஒருநாள் மாலைத் தேநீருக்கு, வீட்டில், மருமகளைக் கேட்டார்: "இதுல அப்படி என்னம்மா இருக்கு? பெரியவங்ககூட வாங்கறாங்களாமே."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "கால்பந்துன்னா ஓடிக்கிட்டே இருப்பாங்க மாமா, நிக்கவே மாட்டாங்க. இது அப்படி இல்ல. நாலு நொடி ஆட்டம், அப்புறம் விசில். எல்லாரும் எழுந்து மண்ணைத் தட்டிட்டு மறுபடி வரிசையில நிப்பாங்க. எவ்வளவு தூரம் வந்தோம், இன்னும் எவ்வளவு பாக்கின்னு எண்ணுவாங்க. அந்த நிக்கற நேரத்துலதான் ஒவ்வொருத்தன் மனசுலயும் என்ன ஓடுதுன்னு காட்டறாங்க. படக்கதைக்குன்னே செஞ்ச விளையாட்டு மாதிரி இருக்கு."

"எண்ணுவாங்களா?"

"நாலு முயற்சி உண்டு. அதுக்குள்ள பத்து கஜம் முன்னால போகணும். போனா மறுபடி நாலு. போகலேன்னா பந்து அடுத்தவங்களுக்கு."

எண்ணிக்கை என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்த விஷயம். முதல் பாகத்து அடிக்குறிப்பிலும் அதேதான் இருந்தது: நான்கு முயற்சி, பத்து கஜம். இரண்டாம் பாகத்தில் முதல் நிஜ ஆட்டம் தொடங்கியபோது அவர் தனியாக ஒரு தாள் போட்டு, முயற்சியையும் கஜத்தையும் கட்டம் கட்டி எழுதிக்கொண்டே வந்தார். நூற்று நாற்பது பக்கம் வரை ஒரு கஜம்கூடப் பிசகவில்லை. அந்தப் பிள்ளைகள் அடிபட்டாலும் உருண்டாலும் முன்னால்தான் போனார்கள், அல்லது நின்ற இடத்தில் நின்றார்கள்.

பக்கம் நூற்று நாற்பது: "இரண்டாம் முயற்சி. இன்னும் 8 கஜம்." கணக்குச் சரி.

அடுத்த இரண்டு பக்கத்தில் ஒரு குமிழ் தவிர எழுத்தே இல்லை. அதில் "எண் எழுபத்தாறு" என்று மட்டும் இருந்தது. அவருடைய அட்டை அந்த இரண்டு பக்கத்தையும் தாண்ட எடுத்துக்கொண்டது அரை நிமிடம். சொல் இல்லாத இடத்தில் பிழை எங்கிருந்து வரும்? ஓரத்தில் பச்சையில் சரி போட்டார்.

பக்கம் நூற்று நாற்பத்து மூன்று: "இரண்டாம் முயற்சி. இன்னும் 18 கஜம்."

சன்னல் நின்றது. பத்து கஜத்துக்கு ஓடுகிறவனுக்குப் பதினெட்டு எப்படிப் பாக்கி இருக்கும்? அதே வாசகம் மூன்று பக்கம் முன்னால் எட்டு என்று வந்திருக்கிறது. திரும்பச் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகள் எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்துவதில்லை. எட்டுக்கு முன்னால் ஓர் ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது. அதன்மேல் ஒரு பச்சைக் கோடு போட்டார். நிம்மதியாக ஒரு பெருமூச்சும் விட்டார். வேறு யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

மருமகள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். "மாமா, நூத்தி நாப்பத்து மூணுல… அது பதினெட்டாவே இருக்கலாமே?"

"பத்துல பதினெட்டு பாக்கியா? நீ சொன்ன கணக்குதானேம்மா?"

"இல்ல மாமா, முந்தின பக்கத்துப் படத்துல…"

"படம் வரைஞ்சவன் பொறுப்பு. எழுத்து என் பொறுப்பு." அவர் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஹாலில் இரண்டு தலை திரும்பியது. மாமனாரிடம் நின்று வாதாடுகிறாள் என்று நாளைக்குப் பேச்சு வரும். அவள் தலையசைத்துவிட்டுப் போய் அந்த ஒன்றை எடுத்துவிட்டாள்.

அந்தப் பாகத்தின் முடிவு அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எட்டு கஜம் தூரத்துக்குப் பந்தை எறிகிறார்கள், குள்ளன் பிடிக்கிறான், பதினொரு பேரும் மண்ணில் விழுந்து தேம்பித் தேம்பி அழுகிறார்கள். அலமாரி மூன்று பக்கம் அழுகிறான். எட்டு கஜம் என்பது வீட்டுக் கூடத்திலிருந்து கொல்லைக் கதவு வரை. அதற்கு இவ்வளவு ஒப்பாரியா? "மிகை" என்று குறிப்புத்தாளில் ஒரே சொல் எழுதி அனுப்பினார்.

புத்தகம் வெளியாகிப் பத்தொன்பதாவது நாள் கடிதங்கள் வரத் தொடங்கின. அந்த மங்காவை ஏற்கெனவே வேறு மொழியில் படித்தவர்கள் இருந்தார்கள். எட்டா பதினெட்டா என்றார்கள். படிக்காதவர்கள், எட்டு கஜத்துக்கா இத்தனை கண்ணீர் என்றார்கள். ஒருத்தர் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவர், தபால் அட்டையில் எழுதியிருந்தார்: "நான் அஞ்சு வருஷமாகக் காத்திருந்த பக்கம் இது. கெடுத்துட்டீங்க."

பதிப்பாளர் கடிதக் கட்டோடு ஹாலுக்கு நடுவில் வந்து நின்றார். மூலத்தை ஒப்பிட்டாகிவிட்டது, மொழிபெயர்ப்பில் பதினெட்டுதான் இருக்கிறது என்றார். எனவே குமிழில் பொருத்துகிறபோதுதான் அந்த ஒன்று விடுபட்டிருக்கிறது. பச்சைக் கோட்டை அவர் நினைத்தே பார்க்கவில்லை.

"ஏம்மா பலூன், ஒரு நம்பரைக்கூடவா பார்த்துப் போடமாட்டே? கதையோட உயிரே அதுல இருக்கு. மூணாம் பாகத்துலேர்ந்து வேற ஆளை வெச்சுக்கறேன். நீ காலண்டர் வேலையைப் பாரு."

மருமகள் எழுந்து நின்று, "சரி சார்" என்றாள். மேற்கு ஓரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அவள் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தார். பார்த்திருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

மெய்ப்புத் தாள்கள் ஒரு வருடம் அவர் பீரோவில் இருக்கும். சாவி அவரிடம். எல்லாரும் போன பிறகு திறந்து நூற்று நாற்பத்து மூன்றை எடுத்தார். பச்சைக் கோடு பளிச்சென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வந்தார். ஹாலில் அன்று திரும்பிய தலைகளில் ஒன்று விஷயத்தை அதற்குள் ஓதியிருந்தது. மருமகள் கடைக்குப் போயிருந்தாள்.

"அந்தத் தாள் எங்க இருக்கு?" என்றார் அண்ணன்.

"பீரோவுல."

"அங்கயே இருக்கட்டும். வருஷம் முடிஞ்சா கிழிச்சுப் போடறதுதானே."

"அவ மேல பழி விழுந்திருக்கு."

"அவ சின்னப் பொண்ணு. இன்னிக்கு காலண்டர், நாளைக்கு வேற ஒண்ணு. உனக்கு அப்படியா? அம்பத்தெட்டு வருஷம்டா, மூணு பேரு. அதோட அவ நம்ம வீட்டுல பிறந்தவளா? வேற வீட்டுப் பொண்ணு. அவ பேருல போனா நம்ம பேரு நிக்கும்."

மெய்ப்புக்காரர் அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். ஆனாலும் கேட்டார்: "அப்பா இருந்தா என்ன செஞ்சிருப்பார்?"

"அப்பா தப்பே பண்ணியிருக்கமாட்டார்."

அதற்கு மேல் அண்ணன் காபி குடித்தார், மூட்டுவலியைப் பற்றிப் பேசினார், போனார்.

கூடத்து மேஜையில் அந்த இரண்டாம் பாகம் கிடந்தது. அச்சாகி வந்த புத்தகத்தை அவர் எப்போதும் திறப்பதில்லை. பார்த்து முடித்ததைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? அன்று திறந்தார். சன்னல் வெட்டிய அட்டை அலுவலகத்தில் இருந்தது. வெறும் கண்ணால் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

பக்கம் நூற்று நாற்பத்து ஒன்று. குள்ளன் ஓடுகிறான், முன்னால் வெட்டவெளி. இவ்வளவு நேரம் தாங்கிய அலமாரியின் கால் மண்ணில் வழுக்குகிறது. எதிராளி அவனைத் தாண்டுகிறான். தாண்டுகிறவனின் சட்டை முதுகில் ஐந்து தடித்த விரல்கள். அடுத்த கட்டத்தில், தப்பாட்டம் என்று நடுவர் எறிந்த கைக்குட்டை போன்ற கொடி ஒன்று மைதானத்தின் மேல் பறக்கிறது. அதற்கு அடுத்ததில் குள்ளன் திரும்பிப் பார்க்கிறான், ஓடி முடித்த தூரம் செல்லாது என்று அவன் முகத்திலேயே தெரிகிறது.

நூற்று நாற்பத்து இரண்டு. சட்டையைப் பிடித்து இழுத்தது தப்பு என்று நடுவர் ஒரு கையால் தன் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்துக் காட்டுகிறார். பார்வையாளர் கூட்டம் முழுக்க ஒரே ஒரு குமிழ்: எண் எழுபத்தாறு. ஆயிரம் முகமும் அந்த ஒரு முதுகைப் பார்க்கின்றன. அதற்குத் தண்டனையாக, அளவுகோல் வைத்திருப்பவர்கள் பந்து இருந்த இடத்திலிருந்து பின்னோக்கி நடக்கிறார்கள். பத்து கஜம். எட்டோடு பத்து பதினெட்டு. கடைசிக் கட்டம் மட்டும் பெரியது. அலமாரி அந்தப் பத்து கஜமும் பின்னால் நடந்து வந்து, குனிந்து, ஒரு கையை மண்ணில் ஊன்றித் தன் இடத்தில் நிற்கிறான். அவனை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவனும் போகவில்லை.

அவர் மீதியையும் வாசித்தார். பந்து பதினெட்டு கஜம் பறக்கிற நேரம் முழுவதும் அலமாரி எதிராளியை நெஞ்சால் தாங்கி நிற்கிறான். இரண்டு கையையும் விரித்து வைத்திருக்கிறான், எதையும் பிடிக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்படி. பிறகு வருகிற அழுகையில் மிகை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மருமகள் காய்கறிப் பையோடு உள்ளே வந்தபோது அவர் புத்தகத்தை மூடி வைத்திருந்தார். தன் தப்பு வீட்டில் வைத்துச் சொல்கிற விஷயம் இல்லை என்று முடிவெடுத்திருந்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, அவர் பீரோவைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு ஹாலின் நடுவுக்கு வந்தார். பதிப்பாளர் வெள்ளிக்கிழமை நின்ற அதே இடம். கிழக்கு ஓரத்தில் மருமகள் மங்காக் கோப்புகளைப் புது ஆளிடம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இரண்டாம் பாகம், நூத்தி நாப்பத்து மூணாம் பக்கம்" என்றார். வகுப்பில் பேர் கூப்பிடுகிற குரல். "அங்க இருந்த பதினெட்டை எட்டாக்கினது நான்தான். பலூன் வந்து சொல்லிச்சு. நான் கேக்கல."

பதிப்பாளர் தன் அறையிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்தார். "ஐயா, உள்ள வாங்க. உள்ள வெச்சுப் பேசுவோம்."

"அந்தப் பொண்ணை வெளிய வெச்சுத்தானே சொன்னீங்க?"

பதிப்பாளர் தாளை வாங்கிப் பார்த்தார். பச்சையை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, பலூனே மூணாம் பாகத்தையும் பார்க்கட்டும். இதை அடுத்த பதிப்புல மாத்திக்கலாம். உங்க குடும்பத்துக்குன்னு ஒரு பேரு இருக்கு. சீட்டெல்லாம் வேணாம்."

"கிடங்குல எவ்வளவு இருக்கு?"

"ஆயிரத்து எண்ணூறு."

"அவ்வளவுக்கும் சீட்டு வேணும். கடைசிப் பக்கத்துல சொருகாதீங்க, ஒருத்தரும் பார்க்கமாட்டாங்க. நூத்தி நாப்பத்து மூணுலயே இருக்கணும். நானே சொருகறேன்."

சொன்னபடி மேஜைக்குப் போய் உட்கார்ந்து சீட்டை எழுதினார். "பக்கம் 143: 8 கஜம் என்பதை 18 கஜம் என்று வாசிக்கவும். பிழை மெய்ப்புப் பார்த்தவருடையது." கீழே தன் பெயரை முழுதாக எழுதினார், அப்பா பெயரின் முதலெழுத்தோடு.

தான் எழுதியதைத் தானே மெய்ப்புப் பார்க்கக் கூடாது என்பதும் அந்த வீட்டுச் சட்டம்தான். நாற்பது வருடத்தில் அதற்கு அவசியம் வந்ததில்லை. தாளையும் பச்சைப் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஹாலைக் குறுக்கே கடந்து மருமகள் மேஜைக்கு வந்தார்.

"இதைப் பாரும்மா."

அவள் மூன்று முறை பார்த்தாள். பேனாவைத் திறக்கவில்லை. "ஒண்ணு சொல்லவா மாமா?"

"சொல்லு."

"பதினெட்டுன்னு தெரிஞ்சேதான் நான் ஒண்ணை எடுத்தேன். என் பேரும் இதுல இருக்கணும்."

"கொடி ஒருத்தன் மேலதான் விழும்" என்றார் அவர். "ஆட்டம் அப்படித்தானே? நீதானே சொல்லிக்குடுத்தே."

"இதை நான் சொல்லிக்குடுக்கலியே."

"அப்ப புத்தகத்துல படிச்சிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். குனிந்து, ஓரத்தில் சிறியதாகப் பச்சையில் சரி போட்டாள்.

"இனிமே பச்சையா இருந்தாலும் தப்புன்னா வந்து சொல்லணும்" என்றார்.

"கத்துவீங்களே."

"கத்துவேன். நீ சொல்லு."

அண்ணனுக்கு விஷயம் அன்று மதியமே போய்விட்டது. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. மெய்ப்புக்காரர் தினமும் பிற்பகலில் கிடங்கில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை எடுத்து, நூற்று நாற்பத்து மூன்றைப் பிரித்து, சீட்டைச் செருகி, மூடி வைத்தார். கூட உதவிக்கு வந்த கிடங்குக்காரரை வேண்டாம் என்றுவிட்டார். ஒன்பதாம் நாள் ஆயிரத்து எண்ணூறும் முடிந்தது. கையில் ஒட்டியிருந்த தாள் தூசியைத் தட்டிவிட்டு மாடியேறித் தன் மேஜைக்கு வந்தார்.

மூன்றாம் பாகத்தின் மெய்ப்பு அங்கே காத்திருந்தது. மேலே மருமகளின் குறிப்புத்தாள்: "மாமா, இதில் மழையில் ஆடுகிறார்கள். கஜம் கொஞ்சம் முன்னே பின்னே போகும்."

அவர் அட்டையை எடுத்தார். முதல் பக்கத்தைப் படமும் எழுத்துமாக ஒருமுறை முழுதாகப் பார்த்தார். பிறகு அட்டையைத் தாளின்மேல் வைத்து, வலப்பக்க மூலையிலிருந்து சன்னலை நகர்த்தத் தொடங்கினார்.